நெல் அவிக்கும் அண்டாவும் என் ஐந்து கற்களும்

ஐந்து கற்களைத் தூக்கிப் போடு என்றார்கள். மாட்டேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நியூசிலாந்தில் விமானம் ஏறிவிட்டேன். பூதலூரில் என் அக்கா கலாவின் பெண் குழந்தைக்குக் காதுகுத்து. பத்து நாள் விடுமுறை. அதில் ஆறாம் நாள் காலை எட்டரைக்கு போனில் ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் நான் "சரி" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஜூன் மாதத்தோடு என் வேலை ஒப்பந்தம் முடியும் என்பதைப் பேராசிரியர் ஆலன் மிக மரியாதையான ஆங்கிலத்தில் தெரிவித்திருந்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தங்கமும் வெள்ளியும் பாறை வெடிப்புகளில் கோடு கோடாகப் படிந்து கிடக்கும். அவற்றைக் கரைத்துக் கொண்டுவந்து சேர்த்தது கொதிக்கும் தண்ணீர். அந்தத் தண்ணீர் மழையாகப் பெய்து மண்ணுக்குள் இறங்கியதா, பூமிக்கடியில் உருகிய பாறையிலிருந்து கசிந்ததா என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் எல்லாம் ஒரே எடை இல்லை. பெரும்பாலும் லேசானது, துளியூண்டு கனமானது. எத்தனை லட்சம் ஆண்டு ஆனாலும் இவை சிதையாது; அதனால் நிலையான ஐசோடோப்புகள் என்று பெயர். மழைத் தண்ணீரில் கனமானது குறைவு, உருகிய பாறையின் தண்ணீரில் அதிகம். வெடிப்புக்குள் படிகம் வளரும்போது அந்தத் தண்ணீரின் ஆக்சிஜனைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது. பூட்டைத் திறந்து எடை போடுவது என் கருவி.

நான் ஒரு தங்க வெடிப்பின் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் அடுக்கடுக்காக இருபத்துமூன்று துண்டுகள் வெட்டினேன். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க லேசானது ஆவியாகப் போய்விடும், மிச்சம் கனத்துக்கொண்டே வரும். ஆகவே எண்கள் சீராக ஏற வேண்டும். என் எண்கள் ஏறின, ஐந்து இடத்தில் திடீரென்று விழுந்தன, மறுபடி ஏறின. வெப்பநிலைக் கணக்கெல்லாம் கழித்துப் பார்த்தும் அந்த ஐந்து பள்ளமும் போகவில்லை. உருகிய பாறையின் தண்ணீர் ஒரே மூச்சில் கொதித்து வற்றியது என்று ஆலன் ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறார். அவர் கோட்டில் பள்ளத்துக்கு இடமில்லை. "கையாளும்போது தவறு நேர்ந்திருக்கிறது, அந்த ஐந்து கற்களையும் விட்டுவிடலாம்" என்று குழுவில் எல்லோருக்கும் கடிதம் போட்டார். தாழ்வாரத்தில் ஒருவர் இன்னொருவரிடம், "அவள் ஊரில் வேலையெல்லாம் அப்படித்தான் நடக்கும் போல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. என் காது நன்றாகவே கேட்கும்.

முதல் நாள். திருச்சியிலிருந்து பூதலூருக்குப் பாசஞ்சர் ரயில். அரை மணிப் பயணம் என்றுதான் பெயர். திருவெறும்பூர் தாண்டிச் சிக்னலில் நின்றது, நின்றதுதான். நியூசிலாந்தில் பேருந்து நான்கு நிமிடம் தாமதமானால் ஓட்டுநர் மன்னிப்புக் கேட்பார். பயணிகள் ஜன்னலைப் பார்த்தபடி ஊமையாக உட்கார்ந்திருப்பார்கள். இங்கே பத்தே நிமிடத்தில் என் எதிர் சீட்டு அம்மாவுக்கு என் வயது, சம்பளம், இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பது எல்லாம் தெரிந்தாக வேண்டியிருந்தது. கடலை உருண்டையை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ன வேலம்மா அங்க?"

"தங்கம் எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்குற வேலைங்க."

"அதுக்கு எதுக்கு அம்புட்டு தூரம் போன? என் தங்கம் எங்க போச்சுன்னு எனக்கே தெரியும். என் நாத்தனா கழுத்துல கெடக்கு."

பெட்டியே சிரித்தது. நான் மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இரண்டாம் நாள் முழுக்கச் சாப்பாடு. கலா அக்கா புது அரிசிச் சோறு வடித்து, மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். அங்கே உருளைக்கிழங்கை வேகவைப்பார்கள், வறுப்பார்கள், மசிப்பார்கள். எப்படிச் செய்தாலும் அது உருளைக்கிழங்கு. மூன்றாவது தடவை சோறு கேட்டபோது அக்கா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சாப்புடுறதும் போனப் பாத்து மொறைக்கிறதுமா இருக்க. என்னடி ஆச்சு?"

சொன்னேன். ஐசோடோப்பை விட்டுவிட்டு, என் கையில்தான் தப்பு என்று அவர்கள் சொன்னதை மட்டும். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் அம்மா நடவு நட்ட காலத்தில், வேறு யாரோ கோணலாக நட்ட வரிசைக்குப் பண்ணையின் காரியக்காரர் அம்மாவை வரப்பில் நிற்கவைத்துக் கூலியைப் பிடித்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தவர்கள். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அம்மா வாயைத் திறக்கவில்லை.

"நீயும் வாயப் பொத்திக்கிட்டு வந்தியா?" என்றாள் அக்கா. நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் காலை இருட்டோடு விசேஷத்துக்கு நெல் அவிக்கப் புறப்பட்டோம். ஆறு மூட்டை. குட்டி யானை எனும் சின்னச் சரக்கு வண்டியை ஓட்டியவர் குறுக்கு வழி என்று வாய்க்கால் கரையில் விட்டார். பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. மூட்டைகளை இறக்கி, வண்டியைத் தள்ளி, மறுபடி ஏற்றி, நான் முழங்கால் வரை சேறாகி, கையில் கணினிப் பையோடு அவியல் களத்தில் போய் நின்றேன். களத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவள் சுமதி. பத்தாம் வகுப்பு வரை என் பக்கத்து இடம். என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"வாடி வெள்ளக்காரி. நடவுக்கா வந்த?"

அவியல் எப்படி நடக்கும் என்றால், பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். அடியில் உமித் தீ. ஊறிய நெல்லைக் கொட்டி, சாக்குப் போட்டு மூடி, உமி பிளந்ததும் வாரிக் களத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். அது ஒரு ஈடு. பிறகு அதே தண்ணீரில் அடுத்த ஈடு. பாக்கியம் அக்காதான் அண்டாவுக்குப் பொறுப்பு. கொதிக்கும் சத்தத்தை வைத்தே வெந்துவிட்டதா என்று சொல்கிறவர்.

நான் அந்த அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே தண்ணீர், மணிக்கணக்காகக் கொதிக்கிறது. என் பையில் எப்போதும் சின்னக் குப்பிகள் இருக்கும். எனக்கு ஒரு ரோஷமான யோசனை வந்தது. அரை மணிக்கு ஒரு குப்பி இதிலிருந்து எடுப்பேன். எண்கள் சீராக ஏறிக் காட்டும். புகையிலும் சேற்றிலும் நின்று எடுத்தாலும் என் கை சுத்தம் என்று அந்த ஆலன் முகத்தில் வீசுவேன்.

"சுமதி, மத்தியானம் வரைக்கும் இந்த அண்டாத் தண்ணியில யாரும் எதையும் கலக்கக் கூடாது. புதுத் தண்ணி ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. சரியா?"

"சரிடி."

"பாக்கியம் அக்கா, நீங்களும்."

"சரிம்மா, சரிம்மா. நீ சொன்னா சரிதான்."

ஆறு மணிக்கு முதல் குப்பி. விளிம்பு வரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, எண் எழுதி, நேரம் எழுதினேன். பதினொன்றரைக்குப் பன்னிரண்டாவது. நடுவில் புளியமர நிழலில் உட்கார்ந்து ஆலனுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை ஏழு தடவை எழுதி ஏழு தடவை அழித்தேன். ஒன்பது மணிவாக்கில் கடைக்குப் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் குப்பிகளை எடுத்துக்கொண்டு திருச்சிக்கு. கூடப் படித்த ஒருவர் அங்கே தண்ணீரின் எடை பார்க்கும் கருவி வைத்திருக்கும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். போகும் வழியில் பேருந்து புகை விட்டு நின்றது. நடத்துநர் எல்லோரையும் இறக்கிவிட்டு, "பின்னாடி வர்ற வண்டியில ஏறிக்குங்க, அதுலயும் எடம் இருக்காது" என்று உள்ளதைச் சொன்னார். ஒரு காலை மட்டும் படியில் ஊன்றிக்கொண்டு, குப்பிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். "பையில என்னங்க, முட்டையா?" என்று ஒருவர் கேட்டார். "தண்ணி" என்றேன். அவர் என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

ஐந்தாம் நாள் சாயந்திரம் எண்கள் போனில் வந்தன. வாசலில் நின்றபடியே வரைந்து பார்த்தேன். ஏறியது. நான்காம் குப்பியில் விழுந்தது. ஏறியது. ஏழில் விழுந்தது. ஏறியது. பத்தில் விழுந்தது.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கல்லில் ஐந்து பள்ளம், தண்ணீரில் மூன்று பள்ளம். அப்படியானால் என் கைதான். குப்பியை மாற்றி எண் எழுதுகிறேனோ, மூடியைச் சரியாக மூடவில்லையோ, எனக்கே தெரியாமல் என்னமோ செய்கிறேன். ஆலன் சொன்னது சரி, தாழ்வாரத்தில் பேசியவர் சொன்னதும் சரி. அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"நாளைக்கு சரின்னு சொல்லிடப் போறேன்க்கா" என்றேன்.

"அது உன் இஷ்டம். ஆனா உன் கைய எனக்குத் தெரியும். ஒரு வேள எவளாச்சும் தண்ணி ஊத்திருப்பா, போய்க் கேட்டுட்டு அப்புறம் அழு."

ஆறாம் நாள். எட்டு மணிக்குக் களத்தில் நின்றேன். அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. வந்த வேகத்தில் கத்தினேன்.

"சுமதி, அன்னிக்கி எவடி அண்டாவுல தண்ணி ஊத்துனது?"

"யாரும் ஊத்தலையே" என்றாள் சுமதி. சொல்லிவிட்டுப் பாக்கியம் அக்காவைப் பார்த்தாள். பாக்கியம் அக்கா உமியைத் தள்ளுவதில் ரொம்ப மும்முரமானார்.

"அக்கா, கோவமில்ல, சொல்லுங்க. என் வேல இதுல இருக்கு."

"ஊத்தாம என்ன பண்றதும்மா?" என்று அவர் நிமிர்ந்தார். "ரெண்டு ஈடு எடுத்தா தண்ணி சுண்டிப் போவுது. பச்சத் தண்ணி ரெண்டு கொடம் ஊத்தலன்னா அடி புடிச்சு அரிசி பழுப்படிச்சிடும். நாள காதுகுத்துக்கு வர்றவங்க சோத்தப் பாத்துட்டு என்னையில்ல கேப்பாங்க?"

"அப்ப சரி சரின்னு தலையாட்டுனீங்களே!"

"நீ அம்புட்டு ஆசையா சொன்ன. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்புடிச் சொல்றது? அதான் நீ பாக்காதப்ப ஊத்துனேன்."

கேட்கிறவர் மனம் நோகக் கூடாது, வேலையும் கெடக் கூடாது. ஆகவே சரி என்று சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிடுவது. எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, எனக்கும் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த நான் இதை எப்படி மறந்தேன் என்று என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

"எத்தன தடவ ஊத்துனீங்க? எப்பெப்ப?"

"மூணு தடவ. காலேஜ் பஸ்ஸு போனப்ப ஒண்ணு. நீ இட்லி திங்கப் போனப்ப ஒண்ணு. அப்புறம், பத்தேகால் ரயிலுக்கு ரோட்டுல கேட்டு போட்டு மூடுனாங்கள்ல, அப்ப ஒண்ணு."

நோட்டைப் பிரித்தேன். கல்லூரிப் பேருந்து ஏழேகாலுக்குப் போகும். நான்காம் குப்பி ஏழரை. இட்லி ஒன்பதுக்குச் சற்று முன். ஏழாம் குப்பி ஒன்பது. ரயில் பத்தேகால், பத்தாம் குப்பி பத்தரை. எழுந்து நின்று பாக்கியம் அக்காவைக் கட்டிக்கொண்டேன். அவர் மேலெல்லாம் உமிச் சாம்பல், என் மேலும் ஆனது.

என் கை தப்புச் செய்யவில்லை. எனக்குத் தெரியாமல் மூன்று தடவை ஊற்றிய தண்ணீரை என் குப்பிகள் பிடித்துக் கொடுத்திருக்கின்றன. அப்படியானால் கல்லில் இருக்கும் ஐந்து பள்ளம்? அங்கேயும் ஊற்றியிருக்கிறது. பாறை வெடிப்பு ஐந்து தடவை மறுபடி பிளந்து, மேலிருந்து புது மழைத் தண்ணீர் ஐந்து தடவை உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த ஐந்து அடுக்குகளை ஒட்டித்தான் தங்கமும் வெள்ளியும் வேறு தாதுக்களோடு கலந்து கறுப்புக் கோடாகக் கிடந்தன. ஒவ்வொன்றையும் நானே கண்ணால் பார்த்து வெட்டியவள். அந்த மலையில் நடந்த கதையே அந்த ஐந்து கற்களில்தான் இருக்கிறது. அதைத்தான் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

வீட்டுக்குப் போக நேரமில்லை. நெல் மூட்டைமேல் போனைச் சாய்த்து வைத்து, களத்திலிருந்தே கூட்டத்தில் கலந்துகொண்டேன். ஆலன் இருந்தார், தாழ்வாரத்தில் பேசியவர் இருந்தார், இன்னும் நான்கு பேர். எல்லோருக்கும் பின்னால் வெள்ளைச் சுவர். எனக்குப் பின்னால் புகை.

"பதினெட்டுக் கற்களோடு கட்டுரை தயார், உன் சம்மதம் மட்டும்தான் பாக்கி" என்று ஆலன் தொடங்கினார்.

"இருபத்துமூன்று" என்றேன்.

பன்னிரண்டு குப்பிகளின் வரைபடத்தைக் காட்டினேன். யார், எப்போது, எத்தனை குடம் ஊற்றினார் என்று சொன்னேன். போனை அண்டா பக்கம் திருப்பினேன். பாக்கியம் அக்கா அப்போதுதான் குடத்தைத் தூக்கியிருந்தார். ஊற்றினார். கொதி அடங்கி, ஒரு நிமிடம் சும்மா இருந்து, மறுபடி பொங்கியது.

"ரேவதி, அது சமையல் பாத்திரம்" என்றார் ஆலன்.

"ஆமாம். அதற்கு உங்கள் கட்டுரை தெரியாது. அதனால் உள்ளதைக் காட்டியது."

"நாம் உணர்ச்சிவசப்பட வேண்டாம்."

"நான் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் எண்கள் கோபப்படவில்லை. கையாளும்போது தவறு என்று எழுதினீர்களே, அதை நீங்களே எல்லோருக்கும் மறுத்து எழுத வேண்டும். ஐந்தை எடுத்தால் என் இருபத்துமூன்றையும் எடுத்துவிடுங்கள், என் பெயரையும் எடுத்துவிடுங்கள். நான் தனியாக எழுதுவேன்."

"உன் ஒப்பந்தத்தை நினைத்துப் பார்த்தாயா?"

"பார்த்தேன்" என்றேன். பொய் இல்லை. அந்தச் சம்பளத்தில் பாதி இந்த ஊருக்கு வருகிறது. ஆனாலும் வாய் தானாக மூடிக்கொள்ளவில்லை.

கூட்டம் முடிந்ததும் சுமதி கிட்டே வந்தாள். அதுவரை ஒரு வார்த்தைகூடப் புரியாமல் முறைத்துக்கொண்டு நின்றவள்.

"என்னடி சொல்றான் அந்தாளு?"

"வேல போயிடும்ங்கிறான்."

"நீ என்ன சொன்ன?"

"அஞ்சு கல்லும் இருக்கும்னு சொன்னேன்."

"இத மொத நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? எங்க அண்டாவ வந்து நோண்டுன" என்றாள். சொல்லிவிட்டு, கடையில் போய் டீ வாங்கி வந்து கொடுத்தாள்.

ஏழாம் நாள் காதுகுத்து. ஆசாரி தங்கக் கம்பியை எடுக்கும் முன்பே குழந்தை வீறிட்டாள். குத்தி முடித்த பிறகு நிறுத்திவிட்டாள். சோறு வெள்ளையாகத்தான் இருந்தது, பாக்கியம் அக்கா பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்று சாயந்திரம் என் வரைபடத்தையும் எண்களையும் ஆலனுக்கும் அந்தக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். தண்ணீர் ஊற்றியவர், களம் நடத்துபவர் என்று இரண்டு பெயர்களையும் கீழே எழுதினேன்.

பத்தாம் நாள், பெட்டி கட்டும்போது ஆலனிடமிருந்து பதில் வந்தது. மறுப்பு இல்லை, சம்மதமும் இல்லை. கட்டுரையை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். என் விஷயம் பற்றி முடிவெடுக்க அவகாசம் வேண்டுமாம். "குடும்பத்தோடு இன்னும் சில வாரங்கள் இருந்து ஓய்வெடுக்கலாமே, அவசரமில்லை" என்று அதே மரியாதையோடு முடித்திருந்தார். அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"வராதேங்கிறான்" என்றாள் அவள். "வர வேணாம்னா இருந்துடேன்டி. இங்க ஒரு காலேஜ்ல பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்க்கா, ஜூனுக்கு அப்புறம். அதுவரைக்கும் அந்த வேல என்னுது."

ஆலனுக்கு ஒரே வரியில் பதில் போட்டேன்: திங்கட்கிழமை காலை வருகிறேன். அங்கே ஜன்னலோரம் எனக்கு ஒரு மேசை இருக்கிறது, மேசைக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. நான் போய் உட்காரப் போகிறேன். எழுந்திரு என்று சொல்ல வேண்டியவர் நேரில் வந்து, என் கண்ணைப் பார்த்துச் சொல்லட்டும்.